பணம் கேட்ட பெயர்

என் கணக்கிலிருந்து பத்தாயிரம் டாலர் திங்கட்கிழமையே இறங்கிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் வரை அது யார் கணக்கிலும் ஏறவில்லை. பிரிஸ்பேனிலிருந்து எங்கள் தீவின் தலைநகர் ஆப்பியாவுக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம்தான். அந்தப் பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நானே போயிருந்தால், கொடுத்துவிட்டு, அக்கா கையால் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்து கோழிக் கம்பெனியில் ஒரு ஷிப்டும் பார்த்திருப்பேன்.

என் பெயர் எபெனேசா. பிரிஸ்பேனுக்குப் பக்கத்தில் லோகனில் அந்தக் கோழிக் கம்பெனியில் பதினோரு வருடமாகத் தொடையிலிருந்து எலும்பு எடுக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சர்ச்சில் சொல்வார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், வராமல் என்ன செய்யும்.

பணம் என் அக்காவுக்கு. ஒரு பஸ் வாங்க. ஊரில் பெனி கிழவருடைய பஸ் அது, மரப் பலகை உடம்பு, நீலமும் மஞ்சளும். அத்தான்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் இறந்த அடுத்த மாதம் அக்கா போய்ச் சாவியைக் கேட்டு வாங்கினாள். ஆறு வருடமாக விடியற்காலையில் சேப்பங்கிழங்கு மூட்டைகளையும் சந்தைக்குப் போகிற பெண்களையும் ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டி ஆப்பியா போகிறாள், சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்புகிறாள். பொம்பளை ஓட்டுற பஸ்ஸா என்று சிரித்தவர்கள் எல்லாரும் அதில்தான் ஏறினார்கள், வேறு பஸ் கிடையாது.

பெனி கிழவர் சனிக்கிழமை விமானத்தில் ஆக்லாந்துக்கு, பிள்ளைகளோடு இருக்கப் போகிறார். பஸ்ஸுக்கு எங்கள் ஊர்ப் பணத்தில் முப்பதாயிரம் தாலா கேட்டார். சந்தைப் பெண்கள் சேர்ந்து பன்னிரண்டாயிரம் போட்டார்கள். மீதிப் பதினெட்டாயிரத்துக்குத்தான் என் பத்தாயிரம் டாலர். கார் வாங்கச் சேர்த்தது. கார் இல்லாமல் பதினோரு வருடம் போய்விட்டது, இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்று விட்டேன்.

"வெள்ளிக்கிழமை மூணு மணி வரைக்கும் உனக்காக வச்சிருப்பேன். அதுக்கு மேல மலாக்கிக்கு" என்று கிழவர் அக்காவிடம் சொல்லியிருந்தார்.

மலாக்கி எங்கள் பெரியப்பா மகன். பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பஸ் அவன் கைக்குப் போனால் அவன் மகன் ஓட்டுவான். அக்கா பயணியாகக்கூட ஏற மாட்டாள்.

மலாக்கிக்கும் அக்காவுக்கும் இதற்கு முன்பே ஒரு சண்டை உண்டு. போன மே மாதம் எங்கள் குடும்பப் பட்டம் அக்காவுக்குக் கிடைத்தது. லௌமாலு என்பது அந்தப் பட்டம். குடும்பத்துக்குத் தலைமை அது. நிலமும், ஊர்க் கூட்டத்தில் பேச்சும், முடிவும் அந்தப் பெயரோடுதான் வரும். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு அது வந்தது இதுதான் முதல் தடவை. பட்டம் வந்தவரைப் பழைய பெயரில் கூப்பிடுவது எங்களிடம் கன்னத்தில் அறைவதற்குச் சமம். கூடப் பிறந்த நானே ஊராருக்கு முன்னால் லௌமாலு என்றுதான் சொல்வேன். மலாக்கி மட்டும் சொல்ல மாட்டான். தனக்கு வரவேண்டிய பட்டம் என்று கோர்ட்டில் மனு போட்டிருக்கிறான். சந்தை நடுவில், சர்ச் வாசலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "என்ன ஓனோசாய், சௌக்கியமா" என்பான். ஓனோசாய் என்றால் எங்கள் பேச்சில் பொறுமை. அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்த நாளிலேயே அப்பா ஏமாந்துவிட்டார் என்று அம்மா சொல்வாள்.

திங்கட்கிழமை வங்கிப் படிவத்தில் பெறுபவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. 'லௌமாலு' என்று பெரிதாக எழுதினேன். அக்கா கணக்குத் தொடங்கியது பத்தொன்பது வயதில், ஓனோசாய் தவிதா என்ற பெயரில் என்பது என் மண்டைக்குள் வரவே இல்லை. வந்திருந்தாலும் அந்தப் பெயரை எழுதக் கை வந்திருக்காது.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"எபெனேசா, பணம் வந்துருச்சு."

"அப்பாடா."

"வந்துருச்சு, ஆனா கைக்கு வரல. பேங்க்ல பிடிச்சு வச்சிருக்காங்க. கணக்கு நம்பர் சரியாம், பேரு வேறயாம்."

"உன் அடையாள அட்டையைக் காட்டேன்."

"காட்டினேன். அதுல பழைய பேரு. அவங்க ஒரு பேப்பரை நீட்டுறாங்க. லௌமாலுன்னு எழுதினது அனுப்பினவங்க செஞ்ச பிழை, என் பேரு ஓனோசாய் தவிதா மட்டுமே, அப்படின்னு போட்டிருக்கு. கீழ கையெழுத்து போட்டா அஞ்சு நிமிஷத்துல பணம் ஏறிடுமாம்."

"போட்டுட்டு வரவேண்டியதுதானே."



"மட்டுமேன்னு போட்டிருக்குடி" என்றாள். "என் கையாலேயே நான் லௌமாலு இல்லன்னு எழுதிக் குடுக்கணுமா? அந்தப் பேப்பரோட நகல் ஒண்ணு மலாக்கி கைக்குப் போனா போதும். கோர்ட்டுல அவனுக்கு வேற சாட்சியே வேண்டாம்."

"பட்டம் பதிவு செஞ்ச சான்றிதழ் இருக்கே."

"அதைக் காட்டினா கணக்குல பேரைச் சேர்ப்பாங்களாம். ஒரு வாரம் ஆகுமாம்."

"லௌமாலு, நாளைக்கு மூணு மணிக்கு பஸ் போயிடும். கிழவர் வாக்கு மாற மாட்டாரு. அந்த ஸ்டியரிங்கை மலாக்கி பையன் பிடிச்சா பாத்துக்கிட்டு இருப்பியா? பேசாம கையெழுத்து போடு."

"பஸ் போனா நடந்து போயிக்கிறேன். பேரு போனா எங்க போறது?"

"திமிரு பிடிச்சவ."

"ஆமா. இன்னொண்ணும் கேட்டுக்கோ. அங்க போய் நீயா அந்தப் பழைய பேரை மட்டும் எழுதித் திருத்திடாதே. திருத்தினா எனக்கு மலாக்கியும் நீயும் ஒண்ணு."

வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. பத்தாயிரம் டாலரும் போட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு நிற்கிறேன் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. காலை எட்டு மணிக்கு வங்கியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு பையன் வந்து, "திருத்தம் போய்ச் சேர ரெண்டுல இருந்து அஞ்சு வேலை நாள் ஆகும் மேடம்" என்றான். அஞ்சு நாளில் நான் படகில் துடுப்புப் போட்டே போய்ச் சேருவேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒன்பதரைக்கு வங்கி திறக்கும்போது நான்தான் வாசலில் முதல் ஆள். கோழிக் கம்பெனிச் சட்டையில் போனால் ஒரு மரியாதை, சர்ச்சுக்குப் போகிற உடையில் போனால் ஒரு மரியாதை என்பது எனக்குத் தெரியும். வெள்ளை உடுத்தி, காதில் பூ வைத்துக்கொண்டு போனேன். இங்கே ஒன்பதரை என்றால் ஆப்பியாவில் பன்னிரண்டரை. எனக்கு இருந்தது இரண்டரை மணி நேரம்.

மேசையில் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையில் டியர்ட்ரா என்று பெயர் குத்தியிருந்தது. உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

"திங்கட்கிழமை என் பணத்தை எடுத்தீங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நாலு நாளா என் பணத்தை வச்சு என்னதான் பண்றீங்க?"

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். "கோபப்படுங்க கண்ணு, தப்பில்ல. ஆனா பணம் எங்கயும் போகறது இல்ல. கடுதாசிதான் போகுது. நாங்க இங்க இவ்வளவு எடுத்துட்டோம், நீங்க அங்க அவ்வளவு குடுங்கன்னு ஒரு கடுதாசி. எங்களுக்கும் ஆப்பியா பேங்குக்கும் நேரடி வரவு செலவு கிடையாது. நடுவுல ஒரு பெரிய பேங்க் இருக்கு. மூணு இடத்துலயும் சரிபாக்கணும். ஆளு வீட்டுக்குப் போயிட்டா கடுதாசி அங்கயே தூங்கும்."

"நாலு நாளா தூங்கும்?"

"சொல்றேன். திங்கட்கிழமை நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஷிப்ட் முடிஞ்சு மூணரைக்கு."

"அப்ப ஆப்பியாவுல ஆறரை. அங்க பூட்டியாச்சு. இங்கயும் அன்னிக்கு அனுப்ப வேண்டிய நேரம் தாண்டிடுச்சு. காலையில வந்திருந்தா ஒரு நாள் மிச்சம். செவ்வாய்க்கிழமை எங்க பாதுகாப்புப் பிரிவுல இருந்து உங்களை மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. நீங்க எடுக்காததால ஒரு நாள் நிறுத்தி வச்சுட்டுத்தான் விட்டாங்க."

"கோழி வெட்டுற இடத்துக்கு போனை எடுத்துட்டுப் போக முடியாது. அது பெட்டிக்குள்ள பூட்டியிருக்கும். வந்து பாத்தா தெரியாத நம்பர். தெரியாத நம்பரை எடுக்காதீங்கன்னு நீங்கதானே மாசா மாசம் செய்தி அனுப்புறீங்க?"

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். "அது எங்க தப்புதான். ஆனா இதுவரைக்கும் அனுப்பாத கணக்குக்கு எடுத்த எடுப்புல பத்தாயிரம் போட்டா, யாரோ ஏமாத்துறாங்களோன்னு நிறுத்தத்தான் செய்வாங்க. போன வாரமே அம்பது டாலர் அனுப்பிப் பாத்திருந்தா அது போய்ச் சேர்ந்திருக்கும், பேருல தகராறு இருக்குன்னும் அப்பவே தெரிஞ்சிருக்கும். அப்புறம் இந்தக் கட்டத்தைப் பாருங்க, பணம் எதுக்குன்னு கேட்டிருக்கு. காலியா விட்டிருக்கீங்க."

"எதுக்கா இருந்தா உங்களுக்கென்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நடுவுல இருக்கறவன் அதைத்தான் கேட்டு அரை நாள் நிறுத்தியிருக்கான். பஸ் வாங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தா கேட்டிருக்க மாட்டான்."

எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. எங்கள் சர்ச் பெண்கள் போனில் இருநூறு, முந்நூறு அனுப்புவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். பத்தாயிரத்தை அது தாங்காது என்பதால்தான் வங்கிக்கே வந்தேன். இதையெல்லாம் திங்கட்கிழமை படிவத்தை வாங்கிக்கொண்ட பையன் ஒருவன் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? கையெழுத்து இங்கே, கையெழுத்து அங்கே என்று மட்டும் காட்டினான்.

"சரி, நடந்தது நடந்துச்சு. இப்ப வேகமா போக என்ன வழி, அதைச் சொல்லுங்க" என்றேன்.

"பேருதானே பிரச்சினை? ஓனோசாய் தவிதான்னு திருத்தி அனுப்பிடலாம்."

"அது மட்டும் ஆகாது."

ஏன் ஆகாது என்று சொன்னேன். பட்டம், மலாக்கி, கோர்ட்டு, அந்தப் பேப்பர், மூன்று மணி எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆள் செருமினான். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அதற்கப்புறம் அவன் செருமவில்லை.

டியர்ட்ரா பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தாள். "அப்ப ரெண்டு பேரையும் போடலாமே. ஓனோசாய் தவிதா, பட்டம் லௌமாலுன்னு."

"பட்டம் பின்னால வராது. எங்க ஊருல முன்னாலதான் வரும். லௌமாலு ஓனோசாய் தவிதா."

"மெஷின் பேரை முதல் எழுத்துல இருந்து ஒத்துப் பாக்கும் கண்ணு. லௌமாலுன்னு ஆரம்பிச்சா திரும்பவும் துப்பிடும்."

"துப்பினா துப்பட்டும். மெஷின் துப்பினதை எடுத்துப் பாக்க ஒரு மனுஷி இருப்பா இல்ல? அவ எங்க ஊருக்காரி. பட்டத்தைப் பின்னால பாத்தா எங்க அக்காவை யாரோ கேலி பண்ணியிருக்காங்கன்னு நினைப்பா."

அந்த அம்மாள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் என் பக்கம்.

"அந்த மனுஷி பேரு தெரியுமா? பேரு போடாம அனுப்பினா திருத்தம் பொது வரிசையில போய் விழும். அதுலதான் அஞ்சு நாள். ஆளு பேரு போட்டு அனுப்பினா அவங்க மேசைக்கே போகும்."

அக்காவைக் கூப்பிட்டேன். ஆப்பியா வங்கியில்தான் இருந்தாள். காலையில் சந்தைப் பெண்களை இறக்கிவிட்டு, பஸ்ஸை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். பெனி கிழவர் பஸ்ஸின் காகிதங்களோடு பக்கத்து நாற்காலியில். அவருக்கு அடுத்த நாற்காலியில் மலாக்கி, மடியில் பையோடு.

"கவுண்டர்ல இருக்கற பொண்ணு பேரு கேளு" என்றேன்.

"லாங்கி. எதுக்கு? நீ என்னடி பண்றே அங்க?"

"உன் பேரைத்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். வாயை மூடிக்கிட்டு உக்காரு. உன் சான்றிதழ் நம்பரை மட்டும் சொல்லு."

டியர்ட்ரா எழுதினாள். மேலே லாங்கியின் கவனத்துக்கு என்று. அடுத்து பழைய கடுதாசியின் எண். அடுத்து லௌமாலு ஓனோசாய் தவிதா, லௌமாலு என்பது பதிவான குடும்பப் பட்டம், சான்றிதழ் எண் இது, இருவரும் ஒருவரே. அடுத்து பணம் பஸ் வாங்க, அனுப்புபவர் தங்கை. எல்லாம் ஒரே கடுதாசியில்.

"ரெண்டா அனுப்பினா ஒண்ணு வர்றதுக்காக இன்னொண்ணு காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள். "நடுவுல இருக்கற பேங்குக்கும் இதை அனுப்பப் போறதில்ல. பணம் அவங்களைத் தாண்டியாச்சு. வெறும் செய்தி நேரா போகலாம். அவசரக் கட்டணம் நாப்பது டாலர்."

"என் பணத்தை நீங்க நிறுத்தி வச்சதுக்கு நான் நாப்பது டாலர் தரணுமா?"

"தரவேண்டாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். மணி பத்து ஐம்பது. ஆப்பியாவில் ஒன்று ஐம்பது.

"இனி அந்தப் பொண்ணு பாக்கணும். அவ்வளவுதான்."

அக்காவிடம் சொல்லலாம் என்று வீடியோவில் மறுபடி கூப்பிட்டேன். அவள் போனை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் மடியில் வைத்திருந்தாள். எனக்கு அவள் தாடையும் வங்கியின் கூரையும் பாதி கவுண்டரும் தெரிந்தன. கவுண்டரில் லாங்கி இல்லை. சாப்பிடப் போயிருந்தாள். இரண்டு ஐந்து ஆனது. இரண்டு பத்து ஆனது. அந்தப் பெண் என்ன சாப்பிட்டாளோ தெரியாது, பன்றி ஒன்றை முழுதாகச் சுட்டுத் தின்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு இருபத்தைந்துக்கு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஓனோசாய் தவிதா."

அக்கா அசையவில்லை.

"ஓனோசாய் தவிதா."

"கூப்பிடுறாங்க பாரு" என்று மலாக்கியின் குரல் கேட்டது. "காது கேக்கலியா ஓனோசாய்? போய் அந்தப் பேப்பர்ல கையெழுத்தைப் போட்டுட்டு வா. பெரியவரு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாரு?"

அக்கா கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "அந்தப் பேருல இங்க யாரும் இல்ல."

பிரிஸ்பேனில் உட்கார்ந்திருந்த நான் போனை உதட்டோடு வைத்துக்கொண்டு, "போயேன்டி, போய் அவகிட்ட கடுதாசி வந்துச்சான்னு மட்டும் கேளேன்" என்று கெஞ்சினேன்.

"அவளா என் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும்" என்றாள் அக்கா.

அவளைக் கன்னம் பழுக்க அறைய வேண்டும் போல இருந்தது. அதே நேரம் அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. என் பணம், என் கார், என் பதினோரு வருடம். அதையெல்லாம் ஒரு பெயருக்காக மூன்று மணிக்குப் பணயம் வைத்துவிட்டு நேராக உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இந்தப் பட்டத்தை வாங்கிய ஆண்களில் ஒருவர்கூட இப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டரை. பெனி கிழவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்பது. மலாக்கி பையின் ஜிப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது. "எண்ணிக்கிறீங்களா பெரியவரே? இப்பவே ஆரம்பிச்சாதான் மூணு மணிக்குள்ள முடியும்."

"மூணு மணின்னா மூணு மணி" என்றார் கிழவர். "பையை மூடு."

லாங்கி தன் திரையைக் குனிந்து பார்த்தாள். இன்னும் குனிந்தாள். ஏதோ அச்சடித்தாள். காகிதத்தை எடுத்து நின்றபடியே படித்தாள். பிறகு கவுண்டருக்குப் பின்னால் இருந்து கூப்பிடாமல், சின்னக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அக்காவின் முன்னால் வந்து தலையைத் தாழ்த்தி நின்றாள். எனக்கு அவள் முகம் முழுதாகத் தெரிந்தது. சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கலாம்.

"லௌமாலு, மன்னிச்சுக்கோங்க" என்றாள். "அட்டையில இருந்ததைத்தான் படிச்சேன். இப்ப சரியா வந்திருக்கு. உங்க பணம் இருக்கு. வாங்க."

அக்கா எழுந்தாள். போன் அவள் மடியிலிருந்து விழுந்து தரையில் கிடந்தது. நான் கூரையையும் சுற்றுகிற மின்விசிறியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் டியர்ட்ரா என் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் அந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற அந்தச் செருமுகிற ஆள்கூட எட்டிப் பார்த்தான்.

யாரோ போனை எடுத்து உயர்த்தினார்கள். பெனி கிழவர். ஒரு கையில் போன், மறு கையில் காசோலை. "எபெனேசாவா? உங்க அக்கா பணம் குடுத்துட்டா. ரெண்டு அம்பத்தி மூணு. நான் ஊருக்குப் போய்த் துணி மடிக்கணும். நீ போனை வை."

நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. காதில் இருந்த பூவை எடுத்து டியர்ட்ராவுக்குக் கொடுத்தேன். அவள் அதை எந்தக் காதில் வைப்பது என்று கேட்டாள். புருஷன் இருந்தால் இடது காதில், இல்லாவிட்டால் வலது காதில் என்றேன். வலது காதில் வைத்துக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா மறுபடி கூப்பிட்டாள். நான் வங்கிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். "என் பஸ்ஸோட முதல் ட்ரிப். நீயும் வா" என்று சொல்லிவிட்டுப் போனை முன்கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்தாள். இன்ஜின் சத்தம், பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல், பாட்டு. அக்கா வாயெல்லாம் பல்லாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு யாரு ஏறியிருக்காங்க?" என்றேன்.

"எல்லாரும். மலாக்கியும்."

"அவனா?"

"பின்ன எப்படி ஊருக்குப் போவான்? காலையில இதுலதானே வந்தான். சாயங்காலம் சொந்த பஸ்ஸுல போகலாம்னு நினைச்சு வந்தான்."

எங்கள் பக்கத்தில் பஸ்ஸுக்கு நிறுத்தம் என்று தனியாகக் கிடையாது. அவரவர் வீடு வந்ததும் ஓட்டுகிறவருக்குக் குரல் கொடுப்பார்கள், வண்டி வாசலிலேயே நிற்கும். மலாக்கி வீடு சர்ச்சைத் தாண்டியதும், ஈரப்பலா மரத்துக்குப் பக்கத்தில். வண்டி மலை இறங்கி ஊருக்குள் வந்தபோது பாட்டுக்கு நடுவே எனக்கு அவன் குரல் கேட்டது.

"நிறுத்து."

பஸ் போய்க்கொண்டே இருந்தது.

"ஓனோசாய், நிறுத்து. வீடு வந்துருச்சு."

அக்கா வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. யாரோ பாட்டை நிறுத்தினார்கள். மீன் விற்கிற ஃபெத்தாலாய் கிழவி பின் இருக்கையிலிருந்து மெதுவாகச் சொன்னாள், "ஓட்டுறவங்க பேரைச் சொன்னா நிறுத்துவாங்க தம்பி."

"சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அந்தப் பேருல இங்க யாரும் இல்லையாமே. பேங்க்ல என் காதால கேட்டேன்."

பஸ்ஸில் சிரிப்பு பரவியது. பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டினால் எங்கள் ஊர் முடிந்து அடுத்த ஊர். நான் ரொட்டியை வாயில் வைத்தபடியே இருந்தேன். பாலத்தின் பலகைகள் தடதடவென்று அதிர்ந்து அடங்கின.

மலாக்கி எழுந்து முன்னால் வந்தான். முகம் தெரியவில்லை, மார்போடு அணைத்த பை மட்டும் எனக்குத் தெரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"லௌமாலு. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

பஸ் நின்றது. அக்கா கையை நீட்டினாள்.

"மூணு தாலா."

"ரெண்டரைதானே?"

"உங்க வீடு வரைக்கும் ரெண்டரை. பாலம் தாண்டி வந்தாச்சு."

பையைத் திறந்து மூன்று தாலா எடுத்து அவள் கையில் வைத்தான். இறங்கினான். அந்தப் பணம் வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.